கதைக்குக் கைடு போட்டால் திருட்டா?

கேள்வி (ஜூன் 2)

“ஒரு நாவலில் யாருக்கு யார் என்ன உறவு, எந்த ஊர் எந்த அத்தியாயத்தில் வருகிறது என்று தொகுத்துப் புத்தகம் போட்டால் அது எப்படித் திருட்டாகும்? எல்லாம் தகவல்தானே. தகவலுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஹாரி பாட்டர் அகராதி போட்டவரைக் கோர்ட்டுக்கு இழுத்தது வெறும் பணத்திமிர்.”

ஜூன் 2, இரவு

தம்பி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். தகவலுக்குச் சொந்தக்காரர் கிடையாது. 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு டெலிபோன் டைரக்டரி வழக்கில் இதைச் சொல்லிவிட்டது. கான்சாஸில் ஒரு சின்ன டெலிபோன் கம்பெனி வைத்திருந்த பட்டியலை இன்னொரு கம்பெனி எடுத்துத் தன் டைரக்டரியில் சேர்த்துக்கொண்டது. பெயர், ஊர், எண் மூன்றையும் அகர வரிசையில் அடுக்கியதற்குக் காப்புரிமை இல்லை, எவ்வளவு பாடுபட்டுச் சேர்த்திருந்தாலும் இல்லை என்று தீர்ப்பு.

ஆனால் நாவலில் வருவது அந்த மாதிரித் தகவல் இல்லை. கரூரில் அமராவதி ஓடுகிறது என்பது தகவல். யார் வேண்டுமானாலும் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கலாம். ஒரு கதையில் வரும் அத்தை எந்த வருடம் செத்தாள் என்பதை ஒருவர் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கியிருக்கிறார். அவர் எழுதும் வரைக்கும் அந்த அத்தையே கிடையாது.

ஹாரி பாட்டர் வழக்கைப் பற்றி நாளையோ மறுநாளோ எழுதுகிறேன். அந்தத் தீர்ப்பைப் படித்துப் பல வருடம் ஆகிறது. மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

ஜூன் 3

ஒரு திருத்தம். நேற்று ‘காப்புரிமை’ என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல் புதுக் கண்டுபிடிப்புக்குக் கொடுக்கும் உரிமைக்கும் ஓடுகிறது, இதற்கும் ஓடுகிறது. எழுத்துக்கு உள்ளதைப் ‘பதிப்புரிமை’ என்றே இனி எழுதுகிறேன். இந்த ஒரு சொல் குழப்பத்தாலேயே பல பேர் எழுத்தைப் பதிவு செய்தால்தான் உரிமை வரும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எழுதி முடித்த அந்த நிமிடமே வந்துவிடுகிறது.

ஜூன் 4

சரி, வழக்குக்கு வருகிறேன். ஸ்டீவன் வாண்டர் ஆர்க் மிச்சிகன் மாநிலத்தில் பள்ளி நூலகராக இருந்தவர். 2000-இல் ஹாரி பாட்டர் கதைகளுக்கு ஓர் இணைய அகராதி தொடங்கினார். மந்திரம், மிருகம், ஊர், ஆள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு, எல்லாமே இலவசம். 2004-இல் அந்தக் கதைகளை எழுதிய ஜே. கே. ரௌலிங்கே தன் தளத்தில் அதற்கு விருது கொடுத்துப் பாராட்டினார். வெளியே உட்கார்ந்து எழுதும்போது ஒரு விவரம் மறந்துபோனால், கடைக்குள் போய்த் தன் புத்தகத்தையே விலை கொடுத்து வாங்குவதற்குக் கூச்சப்பட்டு, பக்கத்து இன்டர்நெட் கஃபேயில் இந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்வேன் என்று அவர் எழுதினார். இப்படி ஒரு பாராட்டு ஒரு வாசகனுக்கு வாழ்நாளில் ஒரு முறை கிடைத்தால் பெரிது.

அதே மிச்சிகனில் ஆர்டிஆர் புக்ஸ் என்ற சிறு பதிப்பகம் அதை அச்சுப் புத்தகமாகக் கொண்டுவரப் பார்த்தது. 2007 அக்டோபர் 31 அன்று ரௌலிங்கும் அவர் கதைகளைப் படமாக்கிய வார்னர் பிரதர்ஸும் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தார்கள். 2008 ஏப்ரலில் மூன்று நாள் விசாரணை. ரௌலிங் நேரில் வந்து சாட்சி சொன்னார். வாண்டர் ஆர்க் சாட்சிக் கூண்டிலேயே அழுதுவிட்டார். நீதிபதி ராபர்ட் பேட்டர்சன் செப்டம்பர் 8 அன்று தீர்ப்புச் சொன்னார். புத்தகத்துக்குத் தடை.

இவ்வளவைத்தான் நாமெல்லாம் செய்தியில் படித்தோம். நானும் இத்தனை வருடமாக ‘பெரிய எழுத்தாளர், சின்னப் பதிப்பகம், பெரியவர் ஜெயித்தார்’ என்றே நினைத்திருந்தேன். நேற்று ராத்திரி தீர்ப்பை மறுபடி படித்தபோது அது அப்படி இல்லை என்று தெரிந்தது. கதைக்கு அகராதி போடுவது புதிய நோக்கம் உள்ள காரியம், கதையை மறுபடி சொல்வது ஆகாது என்று நீதிபதி ஒப்புக்கொள்கிறார். அது மூலக் கதையையே வேறு வடிவில் திருப்பித் தரும் வழிநூல் அல்ல என்கிறார். ஹாரி பாட்டர் எவ்வளவுதான் விற்றிருக்கட்டும், அதற்கான கைடு சந்தை முழுக்க ரௌலிங்குக்கு மட்டும் சொந்தமாகிவிடாது என்றும் எழுதுகிறார். இவை மூன்றும் கைடு போடுகிறவர்களுக்குப் பெரிய வெற்றி.

அப்புறம் ஏன் தோற்றார்கள்? வாக்கியங்களால்தான். அந்தக் கையெழுத்துப் படியில் 2,437 பதிவுகள். அவற்றில் ஏராளமான இடங்களில் ரௌலிங்கின் வர்ணனை மேற்கோள் குறிகூட இல்லாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கதைக்குள் வரும் பாட்டுகளும் அப்படியே. அதைவிட மோசம் இரண்டு குட்டிப் புத்தகங்கள். 2001-இல் ரௌலிங் தர்ம காரியத்துக்காக எழுதியவை, ஒன்று மாய மிருகங்களைப் பற்றி, இன்னொன்று அந்தப் பறக்கும் விளையாட்டைப் பற்றி. அவையே கைடு மாதிரியான புத்தகங்கள். அவற்றிலிருந்து அள்ளி எடுத்தால், கைடுக்குக் கைடு போட்ட மாதிரிதான். அகராதியை வாங்கியவர் அந்தக் குட்டிப் புத்தகங்களை வாங்க மாட்டார்.

ஜூன் 4, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. வாண்டர் ஆர்க்கை நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஏழு வருடம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து ஒருவர் செய்த வேலை. நானும் 22 வருடம் பள்ளி நூலகத்தில் இருந்தவன் என்பதால் அந்த வேலை என்னவென்று எனக்குத் தெரியும். ஒரு பெயரைத் தேடி நாலு பாகத்தையும் புரட்டுவதில் ஒரு சாயங்காலம் போய்விடும். அதே சமயம் ரௌலிங் கோர்ட்டில் சொன்னதும் மனசில் நிற்கிறது. அது தன்னுடைய 17 வருட உழைப்பு என்றார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. தம்பி எழுதிய ‘பணத்திமிர்’ என்ற சொல் எனக்கு ஒட்டவில்லை.

ஜூன் 5

கீழே ஒருவர், இணையத்தில் இலவசமாக இருந்தபோது பேசாமல் இருந்தவர் அச்சில் வந்ததும் ஏன் பாய வேண்டும் என்று கேட்டிருக்கிறார். விலை வைத்து விற்பதை அமெரிக்கச் சட்டம் ஒரு கணக்காகப் பார்க்கிறது. ஆனால் அது நாலு கணக்கில் ஒன்றின் ஒரு பகுதிதான். எதற்காக எடுத்தாய், எடுத்தது எந்த மாதிரி எழுத்து, எவ்வளவு எடுத்தாய், அதனால் மூலநூலின் வியாபாரம் அடிபடுமா என்று நாலையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அனுமதி கேட்காமல் நியாயமான அளவில் எடுத்தாள அந்தச் சட்டம் விடும் இந்த இடத்துக்கு ஃபேர் யூஸ் என்று பெயர். அதற்கு இத்தனை பக்கம், இத்தனை வரி என்று அளவு எதுவும் கிடையாது. பத்து சதவீதம் எடுக்கலாம் என்று இங்கே பல பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு விதி சட்டத்தில் இல்லை.

ஜூன் 6

இதைவிட எனக்கு நெருடலான வழக்கு ஒன்று இருக்கிறது. சைன்ஃபெல்ட் என்ற டிவி தொடரை வைத்து 1994-இல் ஒரு வினாடி வினா புத்தகம் வந்தது. 643 கேள்விகள், அதுவரை ஒளிபரப்பான 86 எபிசோடில் 84-லிருந்து எடுத்தவை. அந்தத் தொடரை ஒளிபரப்பிய என்பிசியே பிரதிகளைக் கேட்டு வாங்கித் தன் விளம்பரத்துக்கு விநியோகம் செய்தது. இருந்தும் தயாரிப்பு நிறுவனம் வழக்குப் போட்டு ஜெயித்தது, 4,03,000 டாலர். 1997-இல் கீழ்க்கோர்ட்டில் தீர்ப்புச் சொன்னவர் சோனியா சோட்டோமேயர், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனவர். மேல்முறையீட்டிலும் 1998-இல் அதுவே நின்றது.

இவர்கள் சொன்ன காரணம்தான் தம்பியின் கேள்விக்கு நேரான பதில். அந்தப் பாத்திரம் எபிசோடில் என்ன சாப்பிட்டது என்பது உலகத்தில் நடந்த விஷயம் இல்லை, எழுதியவர் உண்டாக்கியது. ஆகவே ‘தகவல்தானே’ என்ற வாதம் செல்லாது. அப்புறம் அந்தப் புத்தகம் தொடரைப் பற்றி ஆராய்ந்து புதிதாக எதுவும் சொல்லவில்லை, தொடர் தந்த அதே பொழுதுபோக்கைக் கேள்வி வடிவில் திருப்பித் தருகிறது என்றும் சொன்னார்கள்.

இதை நான் முழுக்க ஏற்கவில்லை. ஒருவரும் தொடரைப் பார்ப்பதற்குப் பதிலாக வினாடி வினாவைப் படிக்க மாட்டார்கள். பார்த்தவர்தான் வாங்குவார். ஆனால் ட்வின் பீக்ஸ் தொடருக்கு வந்த கைடு வழக்கு (1993) எனக்குச் சரியாகப் படுகிறது. அதில் எபிசோடு எபிசோடாக முழுக் கதையையும் சம்பவ வரிசைப்படி விரித்து எழுதியிருந்தார்கள். பார்க்காதவர் அதைப் படித்தே கதையை முடித்துவிடலாம். அது கைடு இல்லை, சுருக்கப் பதிப்பு.

ஜூன் 8

இதுவரை ஊரார் வழக்கு. இப்போது என்னுடையதைச் சொல்கிறேன். இந்த இழையில் நான் இவ்வளவு எழுதுவதற்குக் காரணமே இதுதான்.

இப்போதும் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு தமிழ் நாவலாசிரியர். அவருடைய ஐந்து பாக நாவல் ஒன்று. பெயர் வேண்டாம். மூன்று தலைமுறை, இரண்டு ஆறு, ஒரே பெயரில் நாலு ஆட்கள். படிக்கும்போது தடுமாறாமல் இருக்க நூலக அட்டைகளில் குறிப்பு எழுதத் தொடங்கினேன். ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. ஆறு வருடத்தில் 312 அட்டைகள் சேர்ந்துவிட்டன. வாசிப்பு வட்டத்தில் ஜெராக்ஸ் எடுத்துச் சுற்றுக்கு விட்டோம். எல்லாரும் அதைக் ‘கைடு’ என்றே சொல்லப் பழகிவிட்டார்கள்.

போன வருடம் ஒரு பதிப்பகத்தார் வந்து அச்சில் போடலாம் என்றார். ஆசிரியரிடம் கேட்க வேண்டாமா என்றேன். “எதுக்கு சார், இது நீங்க எழுதினதுதானே” என்றார். எனக்கும் அப்போது சரி என்றே பட்டது. டைப்செட்டிங் பாதி முடிந்துவிட்டது.

ஒரு நாள் படகோட்டியின் அட்டையைப் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வரி. குரலைப் பற்றி ஒரு வரி, நொண்டி நடப்பதைப் பற்றி இரண்டு வரி, வீட்டுத் திண்ணையைப் பற்றி ஒன்று. என்ன அழகாக எழுதியிருக்கிறேன் என்று ஒரு கணம் தோன்றியது. உடனே சந்தேகம் வந்தது. நான் இப்படி எழுதுகிறவன் இல்லை. நாவலை எடுத்துப் புரட்டினேன். நாலு வரி அவருடையது, அட்சரம் பிசகாமல். கையெழுத்து என்னுடையது, உவமை அவருடையது.

அன்றைக்குச் சிவப்புப் பென்சில் எடுத்து உட்கார்ந்தவன் மூன்று வாரம் எழுந்திருக்கவில்லை. அவருடைய வரி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அடிக்கோடு. ஆறு வருடத்துக்கு முன் எழுதிய அட்டைகள் அநேகமாக முழுச் சிவப்பு. படிக்கும்போது பிடித்த வரியை எழுதி வைப்பது வாசகனின் பழக்கம், அதில் தப்பே இல்லை. அந்த அட்டைக்கு விலை போடும்போதுதான் தப்பு வருகிறது. பதிப்பகத்தாரிடம் நிறுத்துங்கள் என்றேன். அவருக்குக் கோபம். போட்ட முதலை யார் தருவது என்றார். என் கையிலிருந்து கொடுத்தேன்.

ஜூன் 9

படகோட்டி அட்டை இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டார். இப்படித்தான்: முதல் பாகம் 4-ஆம் அத்தியாயத்தில் அறிமுகம். 19-இல் கால் அடிபடுகிறது, அதற்கு முந்தைய அத்தியாயங்களிலேயே நொண்டுவதாக இரண்டு இடம் உண்டு. இரண்டாம் பாகத்தில் அண்ணனாக வருபவர் நாலாம் பாகத்தில் தம்பி ஆகிவிடுகிறார். கடைசியாகப் பேசுவது ஐந்தாம் பாகம் 31.

அழகு இல்லைதான். ஆனால் இது நாவலில் எங்கேயும் இல்லாத விஷயம். அண்ணன் தம்பி ஆன கதை ஐந்து பாகத்தையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தவனுக்கு மட்டும்தான் தெரியும். இதைப் படித்துவிட்டு யாரும் நாவலைப் படித்தாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

ஜூன் 10

பொன்னியின் செல்வனுக்கு மட்டும் கண்ட கண்ட கைடும் வருகிறதே என்று ஒருவர். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. அதோடு அவர் மறைந்தது 1954-இல். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் காலமான பிறகு 60 வருடம்தான் பதிப்புரிமை, ஆக எப்படிப் பார்த்தாலும் 2014 முடிவோடு தீர்ந்தது. அமெரிக்காவில் இது 70 வருடம்.

ஜூன் 11

பேச்சு எங்கோ போகிறது, போகட்டும். தமிழில் துணைநூல் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அபிதான சிந்தாமணி. ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்து 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக வந்தது. புராணத்தில் வரும் ரிஷி, அரக்கன், ஊர், ஆறு எல்லாம் அகர வரிசையில். எங்கள் பள்ளி நூலகத்தில் அதற்கு முதுகு அட்டை பிய்ந்துபோய் நான் மூன்று முறை பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். கதை உலகத்துக்கு அகராதி போடும் ஆசை நமக்கு ஹாரி பாட்டரால் வந்தது இல்லை.

இன்னொன்று. நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரிக்கும் நன்னூல், பழைய சூத்திரத்தை அப்படியே எடுத்து வைத்துக்கொள்வதற்கும் இடம் கொடுக்கிறது. முன்னோர் சொன்ன பொருளை மட்டும் இல்லை, அவர்களுடைய சொல்லையும் பொன்னாகப் போற்றுகிறோம் என்று காட்டுவதற்காக என்று காரணமும் சொல்கிறது. முதலில் இதை வைத்துத் தம்பியின் பக்கம் பேசலாமா என்று யோசித்தேன். இல்லை. அங்கே படிக்கிற மாணவனுக்கு அது யார் சூத்திரம் என்று தெரியும். என் படகோட்டி அட்டையைப் படித்தவருக்கு அது யார் வரி என்று தெரிந்திருக்காது.

ஜூன் 13

இந்தியச் சட்டம் கேட்டவர்களுக்கு. நம் 1957 சட்டத்தில் 52-ஆம் பிரிவு. அமெரிக்க ஃபேர் யூஸ் மாதிரித் திறந்த வாசல் இல்லை. சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், மதிப்புரை, நடப்புச் செய்தி என்று எழுதி வைத்த காரியங்களுக்குத்தான் நியாயமான கையாளல் செல்லும். கதைக்கு அகராதி என்று ஒரு வரி அதில் கிடையாது. மதிப்புரை என்ற சொல்லுக்குள் நுழைய வேண்டும்.

ஆனால் 2008-இல் தில்லி உயர் நீதிமன்றம் ஒரு கைடு வழக்கில் அமெரிக்கக் கணக்கையும் துணைக்கு எடுத்துக்கொண்டது. ஜம்மு காஷ்மீர் பதினோராம் வகுப்புக் கணக்குப் புத்தகத்துக்கு இன்னொரு பதிப்பகம் விடை கைடு போட்டது. கணக்குப் புத்தகத்தைப் போட்ட ஆக்ஸ்ஃபோர்டு தடை கேட்டது, கிடைக்கவில்லை. பாடப் புத்தகத்தில் விடை மட்டும்தான் இருந்தது, கைடில் ஒவ்வொரு படியும் இருந்தது, அந்தப் படிகள் புது வேலை என்றார்கள். கோனார் உரை வைத்துப் படித்து வளர்ந்த நமக்கு இது உடனே புரியும். பாட்டு புத்தகத்தில் இருக்கிறது, பதவுரை கைடில் இருக்கிறது.

ஜூன் 13, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதில் ஒரு எச்சரிக்கை விட்டுப்போனது. கணக்குக்குச் சொன்னது கதைக்கு அப்படியே வராது. ஒரு சமன்பாட்டை எழுத வழிகள் குறைவு. ஒரு கிழவியை வர்ணிக்க வழிகள் கணக்கில்லை. அதனால் கதையில் நீதிபதிகள் இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள்.

ஜூன் 16

ஹாரி பாட்டர் வழக்கில் நஷ்ட ஈடு எவ்வளவு என்று கேட்டதற்கு லட்சக்கணக்கில் டாலர் என்று ஒருவர் பதில் போட்டிருக்கிறார். 6,750 டாலர்தான். ஏழு நாவல், இரண்டு குட்டிப் புத்தகம், ஒன்றுக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சத் தொகையான 750 வீதம். புத்தகம் அப்போது வெளிவரவே இல்லை என்பதால் அவ்வளவோடு விட்டார்கள்.

இதற்குப் பிறகு நடந்தது செய்தியில் பெரிதாக வரவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். பதிப்பகம் முதலில் மேல்முறையீடு செய்தது. பிறகு அதை விட்டுவிட்டு, வாண்டர் ஆர்க் எழுதி அமைத்த புதிய வடிவத்தை 2009 ஜனவரியில் வெளியிட்டது. அனுமதி பெறாத கைடு என்று தலைப்பிலேயே போட்டு, தன் சொந்த வாக்கியத்தில், விமர்சனம் சேர்த்து. அந்தப் புத்தகம் கடைக்கு வந்தது. ‘ரௌலிங் அகராதியை ஒழித்துவிட்டார்’ என்று இன்றைக்கும் எழுதுகிறவர்கள் இதைச் சேர்த்து எழுத வேண்டும்.

ஜூன் 17

நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் 2002-இல் பொம்மை சேகரிப்பவர்களுக்கான ஒரு கைடு வழக்கில் சொன்ன உவமை: சுத்தியலும் ஆணியும் ஒன்றுக்கொன்று துணை, ஆணிக்கு மரமுளை போட்டி. துணையாக இருக்கும் எடுப்பு சரி, போட்டியாக இருக்கும் எடுப்பு தப்பு. ஜூன் 6-இல் சைன்ஃபெல்ட் பற்றி எனக்கு இருந்த நெருடலுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

ஜூன் 29

பன்னிரண்டு நாளாக எழுதவில்லை. 8-ஆம் தேதி இங்கே எழுதியதும், இத்தனை பேச்சுப் பேசிவிட்டு அவரிடம் கேட்காமல் இருப்பது சரியில்லை என்று பட்டது. மறுநாளே திருத்திய அட்டைகள் முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்து, சிவப்பு அடிக்கோடு போட்ட பழைய அட்டைகள் பத்தும் வைத்து, ரிஜிஸ்டர் தபாலில் நாவலாசிரியருக்கு அனுப்பியிருந்தேன்.

நேற்று மாலை போன் வந்தது. அண்ணன் தம்பி விஷயத்தைத்தான் முதலில் எடுத்தார். “நாலாம் பாகம் எழுதும்போது இரண்டாம் பாகம் கையில் இல்லைங்க” என்றார். அடுத்த பதிப்பில் திருத்துவாராம். அட்டையை அதற்கேற்ப மாற்ற வேண்டாம், பழைய பதிப்பு வைத்திருப்பவருக்கு அது வேண்டும் என்றும் அவரே சொன்னார். அச்சில் போடுவதில் ஆட்சேபம் இல்லை, ஒன்றை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார். நாவலில் வரும் நாற்று நடவுப் பாட்டுகள் மூன்று. நாட்டுப்புறப் பாட்டுதானே என்று நினைத்து முழுசாக எழுதி வைத்திருந்தேன். மூன்றும் அவர் அம்மா நடவில் பாடிய மெட்டில் அவரே கட்டியவையாம். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் மாறியது.

இன்று காலை அந்த மூன்று அட்டைகளையும் டப்பாவிலிருந்து எடுத்துவிட்டேன். பாட்டு வரும் அத்தியாய எண்களை நடவு நடக்கும் ஊரின் அட்டையில் சேர்த்தாயிற்று. மீதி 309.